ஓச்சோவாவின் வெள்ளைக் கோட்டு

அத்தியாயம் 9

"அந்த அலமாரியை நாலாவது தடவையா கலைக்கிறீங்க. அஞ்சாவது தடவை கலைச்சா மட்டும் அதுக்குள்ள கோட்டு முளைச்சிடுமா?"

சொக்கோரோ ஓச்சோவா இடுப்பில் கை வைத்துக்கொண்டு படுக்கையறை வாசலை அடைத்து நின்றாள். ஐடா கெஸ்லர் கையிலிருந்த குழந்தைத் துணிகளைக் கட்டிலில் வீசினாள். வீசிய வேகத்தில் இரண்டு கவுன்கள் தரையில் விழுந்தன. கோபம் என்னவோ வாசலில் நின்றவள்மேல்தான். துணிகள் என்ன பாவம் செய்தன?

பெலிகன் பிக்சர்ஸ் முதலாளி வெண்டல் ஸ்ட்ராண்ட் நேற்றுக் காலை ஆளனுப்பி ஐடாவைக் கூப்பிட்டிருந்தார். திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அவருடைய ஸ்டூடியோவின் கார் நிறுத்துமிடத்தில் நடிகை வீடா ஹாலோவேயை யாரோ அவள் காருக்குள்ளேயே வைத்துச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். போலீஸ் பிடித்து உள்ளே போட்டிருப்பது சொக்கோரோவின் கணவன் எஃப்ரெயின் ஓச்சோவாவை. அந்த இடத்தில் வந்து போகிற கார்களுக்குக் கதவு திறந்துவிட்டு, நிறுத்தி, எடுத்துக் கொடுப்பவன்.

சாட்சி ஸ்ட்ராண்டேதான். வெள்ளைக் கோட்டு போட்ட ஓச்சோவா காருக்குள் குனிந்ததையும், வெடிச் சத்தம் கேட்டதும் ஓடியதையும் மாடி ஜன்னலிலிருந்து பார்த்ததாக அன்று இரவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். புதன்கிழமைத் தபாலில் பெயர் போடாத ஒரு கவர் போலீசுக்கு வந்தது. உள்ளே ஒரு போட்டோ. அதிலும் அதே ஓச்சோவா, அதே கார், அதே வெள்ளைக் கோட்டு.

"அவனோட அந்த வெள்ளைக் கோட்டு மட்டும் கிடைக்கமாட்டேங்குது, மிஸ் கெஸ்லர். எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க. எப்படியாவது," என்று ஸ்ட்ராண்ட் இரண்டு முறை சொன்னார். ஐடாவும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பெண் போலீசாகப் பதினோரு வருடம் இருந்துவிட்டு, பொய் அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிய வந்தவளுக்கு வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தரை. மூன்று மணிக்குக் கோர்ட்டில் முதல் விசாரணை. சாட்சியும் போட்டோவும் ஒத்துப்போகின்றன என்று நீதிபதி சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு ஓச்சோவாவுக்கும் மரண தண்டனைக்கான விஷவாயு அறைக்கும் நடுவே பெரிதாக எதுவும் நிற்காது. பத்திரிகைக்காரர்கள் அந்த அறைக்கு இப்போதே அவனைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

"அவர்கிட்ட இருக்கறது ஒரே ஒரு கோட்டு," என்றாள் சொக்கோரோ. "கம்பெனி குடுத்தது. சிவப்பு. அதோ நாற்காலியில கிடக்கு, கண்ணு தெரியுதா? போலீஸ்காரங்க அதைத் தூக்கி அந்தாண்ட போட்டுட்டு வெள்ளைக் கோட்டு எங்கடின்னு கேட்டாங்க. அவர் ஆறு மணிக்கு டிராம் ஏறி வீட்டுக்கு வந்துட்டாரு. பீன்ஸ் சாப்பிட்டாரு. குழந்தையைத் தூங்க வச்சாரு. நான் சொன்னா பொண்டாட்டி சொல்றதுன்றாங்க. பொண்டாட்டி இல்லாம வேற எவ சொல்லுவா, அவர் வீட்டுல இருந்தாருன்னு?"

"நியாயமான கேள்வி," என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

கஸ் பாப்பஸ் வாயில் இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஐடாவின் உதவியாளன். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். அதற்கு முன்னால் சினிமாவில் நடித்தான். பன்னிரண்டு படம். பன்னிரண்டிலும் பிணம்.

"பாஸ், போலீஸ் சொல்ற கதை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. தன்னை யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சிவப்புக் கோட்டைக் கழட்டிட்டு, இருட்டுல போறதுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டானாம். இன்னும் ரெண்டு மணியும் கழுத்துல கட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்."

"வாயை மூடு, கஸ்."

"மூடினா மிட்டாய் உருகிடும்."

ஐடா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கேஸை விசாரிக்கும் போலீஸ் லெப்டினன்ட் ஹாகர்ட்டி பழைய பழக்கத்துக்காக இரண்டரை மணி வரைக்கும் கொடுத்திருந்த பிரதி. சாட்சிக்குக்கூடக் காட்டாமல் பத்திரமாக வைத்திருந்தார். பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு போட்டோ இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படம். கரி அப்பிய மாதிரி வானம். முன்விளக்கு எரிகிற கார். கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கும் ஓச்சோவா, பளீரென்ற வெள்ளைக் கோட்டில். உள்ளே வீடா அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். அவளுடைய உதடுகள் முகத்தைவிட வெளுத்திருந்தன.

"உதட்டைப் பாரு," என்றாள் ஐடா. "ஏன் இப்படி இருக்கு?"

"பயத்துல வெளுத்துப் போச்சுன்னு ஹாகர்ட்டி எழுதியிருக்காரு."

"பயந்தா முகம் வெளுக்கும். பூசின சாயமுமா வெளுக்கும்? இவ உதட்டுச் சாயம் இல்லாம தூங்கக்கூட மாட்டான்னு நீதானே சொன்னே?"

"ரத்தச் சிவப்பு. அதை ஸ்ட்ராண்ட் சட்டைக் காலர்ல பார்க்காதவங்க ஸ்டூடியோவுலயே கிடையாது. போன மாசம்தான் போடான்னு அவரை விட்டுட்டு..." கஸ் போட்டோவை வாங்கி மூக்கருகே வைத்தான். "இந்த வெளுப்பை நான் எங்கயோ பார்த்திருக்கேன், பாஸ். நான் செத்துக் கிடந்த ஏழாவது படம். நடு ராத்திரி, கடற்கரை, மணல்ல பிணம். எடுத்தது உச்சி வெயில்ல. முதுகுத் தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. நிலா வெளிச்சத்துல தோல் உரிஞ்ச ஒரே பிணம் நான்தான்."

"ராத்திரிக் காட்சியை எதுக்குப் பகல்ல எடுத்தாங்க?"

"பத்து நாள்ல எடுக்கற படம். ராத்திரியில அவ்வளவு பெரிய கடற்கரைக்கு விளக்குப் போட எந்த முதலாளிக்கு மனசு வரும்? கேமரா முன்னாடி ஒரு சிவப்புக் கண்ணாடியைச் சொருகுவாங்க. நீல வானம் கறுத்துடும். ராத்திரி ரெடி. ஆனா அன்னிக்கு மட்டும் கதாநாயகி உதட்டுக்குச் சிவப்பு பூசமாட்டாங்க. காப்பிக் கொட்டை நிறத்துல எதையோ அப்புவாங்க. ஏன்னா சிவப்பைப் பூசினா படத்துல..."

அவன் வாய் தானாக நின்றது. ஐடா அவனோடு இருந்த மூன்று வருடத்தில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"படத்துல?"

"மாவு பூசின மாதிரி வெளுத்துடும்."

ஐடா அவன் கையிலிருந்த மிட்டாய் சுற்றியிருந்த காகிதத்தைப் பிடுங்கினாள். கண்ணாடி போன்ற சிவப்புக் காகிதம். கசங்கலை நீவி, கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள். அதில் கிடந்த சிவப்புக் கோட்டும் அதன்மேல் கிடந்த வெள்ளைத் தலையணை உறையும் ஒரே நிறமாக இருந்தன. எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

காகிதத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டோவைப் பார்த்தாள். இந்த முறை கீழே, தரையில். ஓச்சோவாவின் நிழல் அவன் ஷூவுக்கடியில் குட்டையாகச் சுருண்டு கிடந்தது. அந்த இடத்தில் ஒரே ஒரு விளக்குக் கம்பம்தான். அதுவும் எங்கோ மூலையில். இரவாக இருந்தால் நிழல் காரைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஜூலை மாதத்து மதியச் சூரியன் ஒன்றுதான் ஒரு மனிதனின் நிழலை அவன் காலுக்கடியில் போடும்.

"உங்க வீட்டுக்காரர் பகல்ல அந்தக் கார்கிட்டப் போனதா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"போலீஸ்கிட்டயே சொன்னாரே! தினமும் பன்னெண்டு மணிக்கு அந்தம்மா வரும், நான்தான் கதவைத் திறந்துவிடுவேன்னு. அதை யாரும் எழுதிக்கவே இல்லை."

ஐடா சிவப்புக் காகிதத்தை அவளிடம் நீட்டினாள். சொக்கோரோ அதன் வழியாகக் கோட்டைப் பார்த்தாள். எடுத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கா? இந்த மிட்டாய்க் காகிதத்துக்கா என் புருஷனைக் கொல்லப் பார்க்கிறாங்க? நாலு நாளா என் வீட்டைப் புரட்டிப் போட்டு, தெருவே பார்க்க என்னைக் கொலைகாரன் பொண்டாட்டின்னு சொல்லி... நீங்களும்தானேம்மா! நீங்களும்தானே காலையில இருந்து தேடினீங்க!"

"ஆமா," என்றாள் ஐடா. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். கேட்டால் அந்தப் பெண் அறைவாள் என்று தோன்றியது. அறைந்தால் தப்பில்லை என்றும் தோன்றியது. "அந்தக் கோட்டை எடுத்துக்கிட்டு ரெண்டரை மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துடுங்க. மூணாவது மாடி."

கார் பாலத்தைத் தாண்டியதும் ஐடா ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு குத்து விட்டாள்.

"எப்படியாவதுன்னான் அந்த ஸ்ட்ராண்ட், கஸ்! அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு வெள்ளைக் கோட்டு வாங்கி அந்த அலமாரியில வச்சுட்டு, கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லுன்னு அர்த்தம். வேலையை விட்ட போலீஸ்காரி, ரெண்டு மாசமா கையில கேஸ் இல்லை, இவ செய்வான்னு என்னைப் பொறுக்கி எடுத்திருக்கான்."

"அவரு ஏதோ நல்ல எண்ணத்துல..."

"கஸ்!"

"சரி, கெட்ட எண்ணம்தான். ஆனா பாஸ், சுட்டது அவருன்னு சொல்ல முடியாது. சிவப்புக் கண்ணாடியும் கேமராவும் வச்சிருக்கறது மில்டன் க்ரேக். ஸ்டூடியோவோட போட்டோகிராஃபர். வீடாவுக்கு வாரா வாரம் பூ அனுப்புவான். வாரா வாரம் அது குப்பைத் தொட்டிக்குப் போகும்."

அது பொருந்தியது. ஏமாந்த ஒருத்தன், அவன் எடுத்த படம், பெயர் போடாத கவர். ஐடா ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.

க்ரேக் படம் கழுவும் இருட்டறையின் கதவில் 'தட்டவும்' என்று எழுதியிருந்தது. ஐடா தட்டவில்லை. உள்ளே பிளாஸ்குக் காப்பியும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலையர் எழுந்திருப்பதற்குள் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாத்தினாள். போட்டோவை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இதை எடுத்தது நீதானே?"

"ஆ... ஆமா."

"எப்போ?"

"திங்கட்கிழமை மத்தியானம். பன்னெண்டு பத்து இருக்கும்."

ஐடா கொஞ்சம் ஏமாந்துதான் போனாள். குற்றவாளிகள் வழக்கமாக இத்தனை சுலபமாகச் சரியான விடையைச் சொல்வதில்லை.

"சட்டையை விடுங்கம்மா, இருக்கறதே ரெண்டு," என்றார் க்ரேக். "புதுசா ஒரு சிவப்புக் கண்ணாடி வந்திருந்தது. சோதனைக்காக எடுத்தேன். வீடா அப்பத்தான் வந்துச்சு, கார்ல இருந்து இறங்கக்கூட இல்லை. மேக்கப் போடலை, சொந்தச் சாயத்தோட இருந்தது. விளக்கைப் போடும்மான்னேன், போட்டுச்சு. அந்தக் கதவு திறக்கற ஆளு என்னைக் கவனிக்கவே இல்லை. படம் உதவாது, பாருங்க, உதடு பிணம் மாதிரி..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது உங்க கையில எப்படி வந்துச்சு?"

"நீ போலீசுக்கு அனுப்பினதுதானே?"

"போலீசுக்கா? இதை எதுக்கு நான் போலீசுக்கு அனுப்பணும்?"

நடிக்கவில்லை. நடிப்பு எப்படி இருக்கும் என்று பதினோரு வருடம் லாக்கப் வாசலில் நின்று பார்த்தவளுக்குத் தெரியும். அவள் சட்டையை விட்டாள்.

"அப்போ இதைப் பிரதி போட்டு யாருக்குக் குடுத்தே?"

"யாருக்குக் குடுப்பேன்? எல்லாப் படத்துக்கும் ஒரே வழிதான். அன்னிக்கு எடுத்ததெல்லாம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முதலாளி மேஜைக்குப் போகும். பிடிச்சதுல பின்பக்கம் கிறுக்குவாரு, பிடிக்காததைக் கிழிச்சுத் திருப்பி அனுப்புவாரு. திங்கட்கிழமை பத்துப் படம் போச்சு. ஒன்பதுதான் திரும்பி வந்தது. கேட்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வீடா போயிட்டதால கேட்க மனசு வரலை."

கஸ் மெதுவாகச் சொன்னான்.

"அஞ்சு மணிக்கே மேஜை மேல. கொலை ஒன்பது மணிக்கு."

"ஒன்பதரைக்குப் போலீஸ் வந்து, யாரையாவது பார்த்தீங்களான்னு அவன்கிட்டக் கேட்குது," என்றாள் ஐடா. "யாரைச் சொல்றது? கண்ணு முன்னாடி ஒரு படம் கிடக்கு. அதே கார், அதே பொம்பளை, பக்கத்துல ஒரு ஆளு. அதைப் பார்த்து அப்படியே ஒப்பிச்சிருக்கான். ரெண்டு நாள் கழிச்சுப் படத்தையும் தபால்ல போட்டுட்டான். சாட்சியும் போட்டோவும் எப்படிப் பொருந்தாம போகும்? சாட்சியே போட்டோவைப் பார்த்து எழுதினதுதானே!"

"ஆனா சிவப்புக் கண்ணாடி விஷயம் அவருக்குத் தெரியாதா? சினிமாக்காரர்தானே?"

"தெரியும். இந்தக் கோட்டு சிவப்புன்னுதான் தெரியாது."

சொல்லிவிட்டு அவள் க்ரேக்கை நெகடிவோடு காருக்குக் கிளப்பினாள்.

கோர்ட்டின் மூன்றாவது மாடி வராந்தாவில் மணி இரண்டே முக்கால். ஸ்ட்ராண்ட் சாம்பல் நிற சூட்டில், துக்கத்துக்கு அடையாளமாகக் கறுப்புப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லெப்டினன்ட் ஹாகர்ட்டி. எதிர்ச் சுவரோரம் இரண்டு காவலர்களுக்கு நடுவே ஓச்சோவா, ஜெயில் உடையில், கையில் விலங்கோடு. சொக்கோரோ அவனிடம் பேச முயன்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. காவலர்கள் விடவில்லை.

"ஐடா, போட்டோவைக் குடு. நேரமாச்சு," என்றார் ஹாகர்ட்டி.

"குடுக்கறேன். அதுக்கு முன்னாடி இவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. மிஸ்டர் ஸ்ட்ராண்ட், கோட்டைக் கண்டுபிடிச்சுட்டேன்."

ஸ்ட்ராண்டின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும், உங்களால முடியும்னு. இந்த ஊர்ல உங்களை மாதிரிப் புத்திசாலி..."

"கோர்ட்டுல வக்கீல் கேட்பாரு, அதனால கேட்டு வச்சுக்கறேன். இது அவன் அன்னிக்கு மட்டும் போட்ட கோட்டா, இல்லை தினமும் போடற கோட்டா?"

"தினமும் போடறதுதான்."

"நல்லாத் தெரியுமா? பகல்லயும் பார்த்திருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது? ரெண்டு வருஷமா தினமும் காலையில என் கார் கதவைத் திறந்து விடறவன். இதே வெள்ளைக் கோட்டுதான். வேற கோட்டுல நான் அவனைப் பார்த்ததே இல்லை."

ஹாகர்ட்டி நிமிர்ந்து பார்த்தார். அவர் மந்தமான ஆள், ஆனால் முட்டாள் இல்லை. "சிவப்புங்க," என்றார்.

"என்னது?"

"உங்க கம்பெனி குடுத்த கோட்டு சிவப்பு. இவன் தினமும் போடறது அதைத்தான். வெள்ளை அன்னிக்கு மட்டும்தான்னு நாங்க நினைச்சுக்கிட்டிருக்கோம்."

சொக்கோரோ பொட்டலத்தைப் பிரித்துக் கோட்டை உதறி விரித்தாள். ஸ்ட்ராண்ட் அதைப் பார்த்த பார்வையில் பொய்யே இல்லை. அந்தக் கோட்டை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"அது எப்படி? படத்துல வெள்ளையாத்தானே..."

"எந்தப் படத்துல?" என்றார் ஹாகர்ட்டி.

ஸ்ட்ராண்ட் பெஞ்சில் பின்னுக்கு நகர்ந்தார்.

"அந்தப் போட்டோவை நான் உங்களுக்குக் காட்டவே இல்லையே," என்றார் ஹாகர்ட்டி, ஒவ்வொரு வார்த்தையாக. "நீங்களும் பார்த்ததில்லைன்னு நேத்து எழுதிக் குடுத்திருக்கீங்க."

"திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பார்த்திருக்கான்," என்றாள் ஐடா. "மத்தியான வெயில்ல எடுத்த படம். எடுத்த க்ரேக் கீழே என் கார்ல உட்கார்ந்திருக்காரு, நெகடிவோட. இவன் மேஜைக்குப் பத்து போச்சு, ஒன்பது திரும்பிச்சு. பத்தாவது உங்க தபால்ல வந்துச்சு. வீடா இவனை விட்டுட்டுப் போனா. அதுக்கு அவளைச் சுட்டான். பழியைப் போட ஒரு ஆளு வேணும், படத்துல இருந்து ஒரு ஆளை எடுத்துக்கிட்டான். சோடா பாட்டில் எடுக்கற மாதிரி!"

ஸ்ட்ராண்ட் எழுந்தார். "நான் என் வக்கீலோட பேசணும்."

"பேசலாம். உட்காருங்க," என்று ஹாகர்ட்டி அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். பிறகு ஒரு காவலரைக் கூப்பிட்டு, பெலிகன் மாடி அறையைப் பூட்டி முத்திரை வைக்க ஆளனுப்பச் சொன்னார். ஸ்ட்ராண்ட் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"என்னைப் பாருங்க சார்."

பேசியது ஓச்சோவா. அதுவரை அவன் குரலை அந்த வராந்தாவில் யாரும் கேட்கவில்லை.

"ரெண்டு வருஷம். மழையில குடை பிடிச்சிருக்கேன். உங்க கால் சுளுக்கினப்போ தோள்ல சாய்ச்சு மாடிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன். தினமும் குட் மார்னிங் சொல்லியிருக்கேன்." அவன் குரல் ஏறியது. "ஒரு தடவை! ஒரே ஒரு தடவை பார்த்திருக்கலாமே சார்! கொலைப் பழி போடறதுக்காவது என்னைப் பார்த்திருக்கலாமே!"

ஸ்ட்ராண்ட் அப்போதும் தலை நிமிரவில்லை. கஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அவர் விலங்கை எடுங்க," என்றாள் ஐடா.

"எடுத்துடலாம். நீதிபதி சொல்லணும், பேப்பர் வரணும்," என்றார் ஹாகர்ட்டி. "ஒரு மணி நேரம். அதிகமாப் போனா ரெண்டு."

"பிடிக்கும்போது பேப்பர் பார்த்தீங்களா?"

"ஐடா, சத்தம் போடாதே. இது கோர்ட்டு."

"போடுவேன்! அவர் சொன்னதை எழுதிக்க உங்களுக்கு ஒரு பென்சில் கிடைக்கலை. கதவு திறந்துவிட்டேன்னு முதல் நாளே சொன்ன மனுஷன். நானும் போய் அவர் குழந்தையோட துணியைக் கொட்டிட்டு வந்திருக்கேன். இன்னும் ஒரு நிமிஷம்கூட அவர் கையில அந்த விலங்கு இருக்கக் கூடாது. எடுங்க!"

கோர்ட்டுக் கதவு திறந்து சேவகன் எட்டிப் பார்த்தான். பத்திரிகைக்காரர்கள் படியேறி ஓடி வந்தார்கள். ஐடா நகரவில்லை. சொக்கோரோவும் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்த ஹாகர்ட்டி, கடைசியில் கால்சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.